டெங்குவில் பிளேட்லெட் ஏன் விழுகிறது: வைரஸ் அழிக்கிறதா, உடம்பே அழிக்கிறதா?

#1 · நுண்ணுயிர்_மாணவன்

வணக்கம். கருத்தரங்குக்கு 'தட்டணுவும் வைரஸும்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள் (தட்டணு என்றால் பிளேட்லெட்). டெங்குவை வைத்துப் பேசலாம் என்று இருக்கிறேன். பாடநூலில் 'எலும்பு மஜ்ஜை ஒடுக்கம், நோயெதிர்ப்பு வழி அழிவு' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு மூன்று இடம் இடிக்கிறது.

தட்டணுவுக்குக் கருவே கிடையாது. அதற்குள் போய் வைரஸ் என்ன செய்யும்?

மஜ்ஜை வேலைநிறுத்தம் செய்வதுதான் காரணம் என்றால், கவுண்ட் (ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் உள்ள தட்டணு எண்ணிக்கை) இரண்டரை லட்சத்தில் இருந்தவருக்கு ஐந்தாவது நாளே இருபதாயிரம் எப்படி?

காய்ச்சல் விட்டபோது இரத்தத்தில் வைரஸ் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் கவுண்ட் மிகக் கீழே போவது அப்போதுதான். வைரஸ்தான் அழிக்கிறது என்றால், வைரஸ் போன பிறகு ஏன் விழுகிறது?

#2 · எலும்புமஜ்ஜை

இரண்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பிப்போம், அதற்குக் கணக்கு மட்டும் போதும்.

ஒரு பெரியவரின் மஜ்ஜை ஒரு நாளைக்கு ஏறக்குறைய பத்தாயிரம் கோடி தட்டணுக்களை உண்டாக்குகிறது. ஒவ்வொன்றும் 7 முதல் 10 நாள் வரை உயிரோடு இருக்கும். இன்று காலை உற்பத்தி முழுக்க நின்றது என்று வைத்துக்கொள். தினமும் பழசாகிப் போவது பத்தில் ஒரு பங்கு, கூடிப்போனால் ஏழில் ஒரு பங்கு. இரண்டரை லட்சம் இருந்தால் நாலு நாள் கழித்தும் ஒரு லட்சத்துக்கு மேலேயே நிற்கும். இருபதாயிரத்துக்கு வராது. ஆகவே மஜ்ஜை மட்டும் காரணமில்லை. வெளியே சுற்றிக்கொண்டிருப்பவற்றை யாரோ வேகமாக அப்புறப்படுத்துகிறார்கள்.

மஜ்ஜைக்கும் பங்கு உண்டு. அது முன்பாதியில். 1960களில் தாய்லாந்தில் டெங்கு நோயாளிகளிடம் மஜ்ஜை எடுத்துப் பார்த்தபோது, காய்ச்சலின் முதல் நாட்களில் செல்கள் குறைந்து வறண்டு கிடந்தது. காய்ச்சல் விடும் கட்டத்தில் எடுத்தால் தட்டணுவை உதிர்க்கும் பெரிய செல்களான மெகாகேரியோசைட்டுகள் திரும்ப நிறைந்திருந்தன. அதாவது கவுண்ட் அடிமட்டத்தில் இருக்கும்போது ஆலை ஏற்கெனவே ஓட ஆரம்பித்துவிட்டது. சரக்கு வெளியே வருகிறது, வந்த வேகத்தில் காணாமல் போகிறது. கருத்தரங்கில் இந்த ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னாலே பாதிப் பேச்சு முடிந்தது.

#3 · ஆய்வுக்கூட_எலி

முதல் கேள்விக்கு வருகிறேன். 'கரு இல்லை, ஆகவே வைரஸ் பெருக முடியாது' என்பது அவசர முடிவு. டெங்கு நேர் இழை ஆர்.என்.ஏ. வைரஸ். அது செல்லுக்குள் நுழைந்ததும் அதன் ஆர்.என்.ஏ.வே நேராகத் தூது ஆர்.என்.ஏ.வாக வேலை செய்யும். பெருகுவது சைட்டோபிளாசத்தில். அதற்குத் தேவை ரைபோசோமும் உட்சவ்வும். தட்டணுவிடம் மெகாகேரியோசைட்டிடமிருந்து வந்த ரைபோசோம்கள் கொஞ்சம் இருக்கின்றன, எண்டோபிளாச வலையின் மிச்சமாக ஒரு குழாய்த் தொகுதியும் இருக்கிறது.

2015இல் வந்த ஒரு ஆய்வு இதைச் சோதித்தது. டெங்கு வைரஸ் தட்டணு மேல் ஒட்ட இரண்டு பிடிமானங்கள்: டி.சி.-சைன் என்ற லெக்டின், ஹெபரான் சல்ஃபேட் புரோட்டியோகிளைக்கன். 37 டிகிரியில் வைத்தபோது உள்ளே எதிர் இழை ஆர்.என்.ஏ.வும் தென்பட்டது. எதிர் இழை என்றால் நகலெடுப்பு நடக்கிறது என்று அர்த்தம். ஆனால் மோனோசைட் என்ற வெள்ளையணுவில் கிடைக்கிற அளவோடு வைத்துப் பார்த்தால் இது சொற்பம். 'தட்டணு டெங்குவின் தொழிற்சாலை' என்று ஸ்லைடு போட்டுவிடாதே.

உண்மையில் கவனிக்க வேண்டியது பெருக்கம் இல்லை, தூண்டல். வைரஸ் உள்ளே போனாலும் போகாவிட்டாலும் தட்டணு விழித்துக்கொள்கிறது. இதுவரை தெரிந்த வழிகள் சில:

சி.எல்.இ.சி.-2 என்ற ஏற்பி வழியாக வைரஸ் தட்டணுவைத் தூண்டும். தட்டணு எக்ஸோசோம் என்ற நுண்பைகளை விடும். அவை நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு மேலுள்ள சி.எல்.இ.சி.5ஏ, டி.எல்.ஆர்.2 ஏற்பிகள் இரண்டையும் தட்டி, டி.என்.ஏ. வலையை வீசவைக்கும். 2019இல் தைவான் குழு ஒன்று காட்டியது.

வைரஸ் வெளியே கொட்டுகிற என்.எஸ்.1 புரதம் தட்டணுவின் டி.எல்.ஆர்.4 ஏற்பியில் ஒட்டும். இங்கே வைரஸ் துகளே வேண்டாம், புரதம் மட்டும் போதும்.

இதற்கெல்லாம் பிறகு தட்டணு என்ன ஆகிறது? ஆல்ஃபா துகள்கள் வெளியே கொட்டுகின்றன, பி-செலக்டின் என்ற ஒட்டுப் புரதம் மேற்பரப்புக்கு வந்து மோனோசைட்டோடு ஒட்டிக்கொள்கிறது. உள்ளே இருக்கிற தூது ஆர்.என்.ஏ.விலிருந்து இன்டர்லூகின்-1பீட்டா என்ற அழற்சிப் புரதமும் தயாராகிறது. அது இரத்தக்குழாய்ச் சுவரை ஒழுகவிடுவதில் பங்கெடுக்கிறது. பிறகு மைட்டோகாண்ட்ரியா கெட்டு, கேஸ்பேஸ் என்ற தற்கொலை நொதி ஓடி, சவ்வின் உட்பக்கம் இருக்க வேண்டிய பாஸ்பாடிடைல்செரின் கொழுப்பு வெளிப்பக்கம் திரும்புகிறது. செல்களை விழுங்கும் மேக்ரோஃபேஜுக்கு அதுதான் 'என்னைத் தின்னு' என்ற சீட்டு.

#4 · நுண்ணுயிர்_மாணவன்

பெருக்கம் சொற்பம், தூண்டல்தான் பெரிது என்பது தெளிவு. ஆனால் மூன்றாவது கேள்வி இன்னும் நிற்கிறது. வைரஸும் என்.எஸ்.1உம் குறைந்த பிறகுதானே ஆழம்?

#5 · எலும்புமஜ்ஜை

குறைந்தது எதனால்? எதிர்பொருள் வந்ததால். முதல் தொற்றில் ஐ.ஜி.எம். வகை எதிர்பொருள் நாலு, ஐந்தாம் நாளில் தலைகாட்டும். ஏற்கெனவே வேறு வகை டெங்கு வந்தவருக்கு ஐ.ஜி.ஜி. வகை அதைவிட வேகமாக, பெருமளவில் எழும். அந்த எதிர்பொருள் வைரஸோடு சேர்ந்து கூட்டாகித் தட்டணு மேல் படிகிறது. தட்டணுவில் எஃப்.சி.காமா ஏற்பி 2ஏ இருக்கிறது, ஐ.ஜி.ஜி.யின் வாலைப் பிடிக்க அது போதும். கூடவே காம்ப்ளிமென்ட் என்ற எதிர்ப்புப் புரதத் தொகுதியின் சி3 துண்டுகளும் படிகின்றன. என்.எஸ்.1க்கு எதிராக உண்டான எதிர்பொருள்களில் சில தட்டணுவின் சொந்தப் புரதங்களையும் அடையாளம் தவறிப் பிடிக்கின்றன. இப்படி அடையாளம் பூசப்பட்டதை மண்ணீரலும் கல்லீரலும் சும்மா விடாது.

இன்னும் இரண்டு உண்டு, பாடநூலில் பெரும்பாலும் வராது.

ஒன்று, தட்டணுவை ஒட்டவைக்கும் நீளப் புரதமான வான் வில்லிபிராண்டு காரணி. எரிச்சலூட்டப்பட்ட குழாய்ச் சுவர் இதை அள்ளிக் கொட்டுகிறது. வெட்டிச் சிறிதாக்க வேண்டிய ஏ.டி.ஏ.எம்.டி.எஸ்.13 நொதி குறைந்து போகிறது. நீளமான இழைகள் தட்டணுவில் ஒட்டி, அவை மேக்ரோஃபேஜிடம் சீக்கிரம் போய்ச் சேருகின்றன.

இரண்டு, சியாலிக் அமிலம். தட்டணுவின் சர்க்கரைப் பூச்சில் கடைசியில் நிற்பது இது. இது உதிர்ந்தால் அடியிலிருக்கும் கேலக்டோஸ் வெளியே தெரியும். கல்லீரல் செல்லின் ஆஷ்வெல்-மோரெல் ஏற்பி அதைப் பிடித்து உள்ளே இழுத்துவிடும். இன்ஃப்ளூயன்சா வைரஸிடம் இதை உதிர்க்கும் நொதியான நியூராமினிடேஸ் சொந்தமாக இருக்கிறது. டெங்குவிடம் கிடையாது, ஆனால் தூண்டப்பட்ட தட்டணு தன்னிடம் இருக்கும் நியூராமினிடேஸாலேயே தன் பூச்சைச் சுரண்டிக்கொள்கிறது.

ஆக, முன்பாதியில் மஜ்ஜை மந்தம், நடுவில் வைரஸும் என்.எஸ்.1உம் தூண்டுவது, பின்பாதியில் எதிர்பொருள். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படிகிற இடம்தான் காய்ச்சல் விடும் நாள்.

#6 · ஊதாக்குழாய்

இவ்வளவு பேசுறீங்க, அந்த எண் நிஜமா என்று யாரும் கேட்கலை. லேப் பக்கத்திலிருந்து சொல்றேன்.

ஊதா மூடிக் குழாயில் இருக்கிறது இ.டி.டி.ஏ. சிலருடைய இரத்தத்தில் இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்ததும் தட்டணு மேல் மறைந்திருந்த ஒரு பகுதி வெளியே வரும், அதற்கு எதிரான எதிர்பொருள் ஒட்டி எல்லாம் கட்டியாகிடும். கருவி அந்தக் கட்டியைத் தட்டணுன்னு எண்ணாது. ரிப்போர்ட்டில் 18,000, ஸ்மியரில் (கண்ணாடியில் தேய்த்த இரத்தத்தில்) ஓரத்தில் கொத்துக் கொத்தாக் கிடக்கும். சோடியம் சிட்ரேட் நீலக்குழாயில் திரும்ப எடுத்து, வந்த எண்ணை 1.1ஆல் பெருக்கணும். குழாயில் ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு திரவம் இருக்கிறதாலதான் அந்த 1.1. சிட்ரேட்டிலும் கட்டுகிற ஆட்கள் உண்டு, அவங்களுக்கு விரலில் குத்தி உடனே ஸ்மியர்.

இது பரவாயில்லை, அபூர்வம். தினசரி நடக்கிற தப்பு வேற. சிரிஞ்சில் மெதுவா இழுத்து, குழாயைத் தலைகீழாக 8 முதல் 10 தடவை மெல்லத் திருப்பாம விட்டா அடியில் ஒரு சின்ன உறைகட்டி. அதிலேயே பாதித் தட்டணு போய்டும். ட்ரிப்ஸ் ஓடுற கையிலேயே, ஊசிக்கு மேலே எடுத்தா இரத்தம் நீர்த்துப்போய்க் கவுண்ட், ஹெமட்டோக்ரிட் (இரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) ரெண்டும் சேர்ந்து விழும். டெங்கு வார்டில் இது ரொம்ப ஆபத்து, ஏன்னா ஹெமட்டோக்ரிட் ஏறியிருக்கிறதை இது மறைச்சிடும்.

மின்தடை முறைக் கருவி 2 முதல் 20 ஃபெம்டோலிட்டர் அளவில் போகிற எதையும் தட்டணுன்னு எண்ணும். இரும்புச்சத்து குறைஞ்சு சிவப்பணு ரொம்பச் சிறுத்திருந்தா அதையும் சேர்த்து எண்ணி, 15,000ஐ 35,000 ஆக்கும். எதிர்ப்பக்கம், மஜ்ஜை புதுசா அனுப்புகிற பெரிய தட்டணுக்களைச் சிவப்பணுன்னு விட்டுடும். அதனால 50,000க்குக் கீழே வந்தா ஸ்மியர் பார்க்காம கையெழுத்துப் போடக்கூடாது. எண்ணெய் லென்ஸில் பத்துப் புலம் பார்த்துச் சராசரியை 15,000ஆல் பெருக்கினா தோராயம் கிடைக்கும்.

இன்னொன்று: காலையில் 17,000, சாயங்காலம் 12,000ன்னு பதறாதீங்க. அவ்வளவு கீழே கருவியின் பிழையே அந்த அளவு இருக்கும்.

#7 · எலும்புமஜ்ஜை

ஊதாக்குழாய் சொன்னதோடு ஒரு சேர்க்கை. ஒளிர்சாய முறைக் கருவி இருந்தால் முதிராத் தட்டணு விகிதம், ஐ.பி.எஃப்., கேட்டு வாங்கலாம். புதிதாக வந்த தட்டணுவில் ஆர்.என்.ஏ. மிச்சம் அதிகம், சாயம் அதிகம் பிடிக்கும். கவுண்ட் 15,000 ஆனால் ஐ.பி.எஃப். 10 சதவீதத்துக்கு மேல் என்றால் ஆலை ஓடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு நாளில் எண் தானாகத் திரும்பும். மேலே சொன்ன 'மஜ்ஜை ஏற்கெனவே விழித்துவிட்டது' என்பதை மஜ்ஜையில் ஊசி குத்தாமலே காட்டுவது இதுதான்.

#8 · சந்தேகப்பிராணி

எல்லாம் சரி. நடைமுறையில் ஆஸ்பத்திரியில் சொல்வது 'கவுண்ட் இறங்குது, பப்பாளி இலைச்சாறு கொடுங்க, ரெண்டு யூனிட் ஏத்தலாம்' என்பதுதான். எண் ஏறினால் ஆபத்து தீர்ந்தது என்றுதானே அர்த்தம்?

#9 · வடமராட்சி

இல்லை. டெங்குவில் ஆளைக் கொல்லுவது பெரும்பாலும் குருதிச் சிறுதட்டு (தட்டணு) குறைவால் வரும் குருதிப்பெருக்கு அல்ல, திரவவிழையம் (பிளாஸ்மா) குழாய்க்கு வெளியே ஒழுகுவது. இலங்கையில் 2017இல் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு என்று பதிவானார்கள். அங்கே ஆஸ்பத்திரி விடுதிகளில் பாவிக்கும் தேசிய வழிகாட்டலில் கவனம் முழுவதும் இந்த ஒழுக்கின் மீதுதான்.

எண்ணிக்கைக்கு ஒரு பிரயோசனம் உண்டு. அது ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கினால், ஒழுக்கு தொடங்கும் நேரம் நெருங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அதை நேரம் பார்க்கப் பாவியுங்கள், மருந்து கொடுக்கும் இலக்காகப் பாவிக்காதீர்கள். அந்த நேரத்திலிருந்து பார்க்க வேண்டியவை வேறு: ஹெமட்டோக்ரிட், மேல் கீழ் குருதி அழுத்தங்களின் இடைவெளி, கை கால் சூடு, சிறுநீர் அளவு.

ஹெமட்டோக்ரிட் அடிப்படையிலிருந்து 20 சதவீதம் ஏறினால் ஒழுக்கு நிச்சயம். 40 இருந்தவருக்கு 48. அழுத்த இடைவெளி 20 மில்லிமீட்டருக்கு வந்தால் அது அதிர்ச்சிநிலை, மேல் அழுத்தம் 100 இருந்தாலும் சரி. பலரும் ஏமாறுவது இங்கேதான்: ஆள் எழுந்து உட்கார்ந்து கதைப்பார், காய்ச்சலும் இல்லை, 100க்கு 82 என்று அழுத்தம் எழுதியிருக்கும், 'நல்லாயிருக்கிறார்' என்று விட்டுவிடுவார்கள்.

கடும் ஒழுக்கு 24 முதல் 48 மணி நேரம். அந்த முழு நேரத்துக்கும் திரவக் கோட்டா ஒன்று கணக்கிடுவோம்: ஒரு நாள் பராமரிப்பு அளவும் உடல் எடையின் 5 சதவீதமும் சேர்த்து. 50 கிலோ ஆளுக்கு பராமரிப்பு 2,100 மில்லி, 5 சதவீதம் 2,500 மில்லி, மொத்தம் 4,600. எடை அதற்கு மேல் இருந்தாலும் பெரியவர்களுக்கு 50 கிலோவாகவே கணக்கு. வாயால் குடிப்பதும் நாளத்தில் போவதும் இதற்குள். சிறுநீர் மணிக்குக் கிலோவுக்கு 0.5 முதல் 1 மில்லி போனால் போதும். அதைவிட அதிகம் போனால் நீங்கள் அதிகம் கொடுக்கிறீர்கள். கூடுதலாகக் கொடுத்ததெல்லாம் நெஞ்சறையில் போய்த் தேங்கி, ஒழுக்கு நின்ற பின் திரும்பக் குழாய்க்குள் வந்து நுரையீரலை நிரப்பும்.

ஹெமட்டோக்ரிட் விழுகிறது, ஆனால் ஆளின் நிலை மோசமாகிறது என்றால் உள்ளே எங்கோ குருதி போகிறது. அப்போது தேவை சிறுதட்டு அல்ல, குருதி.

#10 · எலும்புமஜ்ஜை

பப்பாளி இலை பற்றி. மலேசியாவிலும் இந்தியாவிலும் நடந்த சிறு சோதனைகள் சிலவற்றில் கவுண்ட் சற்றுச் சீக்கிரம் ஏறியது. இரத்தக்கசிவையோ ஒழுக்கையோ மரணத்தையோ குறைத்ததாக எதுவும் நிறுவப்படவில்லை. ஐந்தாம் நாள் எதைக் கொடுத்தாலும் ஏழாம் நாள் எண் ஏறத்தான் செய்யும் என்பதையும் மறக்கக்கூடாது. என் ஆட்சேபம் வேறு: கசப்புச் சாறு குடித்து வாந்தி எடுக்கிற நோயாளியிடம், அந்த வாந்தி டெங்குவின் அபாய அறிகுறியா சாற்றின் வேலையா என்று எப்படிப் பிரிப்பது?

வலி மாத்திரை விஷயமும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுரூஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். எண் குறைவாக இருக்கும்போது மிச்சமிருக்கும் தட்டணுக்களின் ஒட்டும் திறனையும் இவை கெடுக்கும், வயிற்றுப் புண்ணையும் கிளறும். காய்ச்சலுக்கு இடுப்பில் டைக்ளோ ஊசி போடுவது இரண்டு மடங்கு தப்பு, ஊசி போட்ட இடத்திலேயே இரத்தம் கட்டும்.

#11 · ஓ_நெகட்டிவ்

இரத்த வங்கிக் கணக்கு. முழு இரத்தப் பை ஒன்றிலிருந்து பிரிப்பது ஆர்.டி.பி., 50 முதல் 70 மில்லி. 450 மில்லிப் பையிலிருந்து வந்தால் குறைந்தது 4,500 கோடித் தட்டணு இருக்க வேண்டும். ஒரே கொடையாளரைக் கருவியில் இணைத்து ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் எடுப்பது எஸ்.டி.பி., குறைந்தது 30,000 கோடி. சாதாரணமாக ஒரு ஆர்.டி.பி. 5,000 முதல் 10,000 வரை ஏற்றும், எஸ்.டி.பி. 30,000 முதல் 50,000 வரை.

டெங்குவில் அது நடக்காது. ஏற்றியதும் நோயாளியின் இரத்தத்தில் என்ன நிலைமையோ அதே நிலைமைதான் புதுத் தட்டணுவுக்கும். மேலே சொன்ன எதிர்பொருள், காம்ப்ளிமென்ட், வான் வில்லிபிராண்டு இழை எல்லாம் அங்கே காத்திருக்கிறது. பார்க்க ஒரு வழி, திருத்திய எண்ணிக்கை உயர்வு. ஏற்றி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஏறியது என்பதை உடல் பரப்பால் பெருக்கி, கொடுத்த தட்டணுவின் அளவால், அதாவது பத்தாயிரம் கோடிக்கு ஒன்று என்ற அலகில், வகுக்க வேண்டும். 12,000 இருந்து எஸ்.டி.பி. போட்டு 20,000 ஆனால், உடல் பரப்பு 1.6 சதுர மீட்டர் என்றால்: 8,000 × 1.6 ÷ 3 = ஏறத்தாழ 4,270. 7,500க்குக் கீழ் என்றால் போட்டது நிற்கவில்லை என்று பொருள்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 372 பெரியவர்களை வைத்து நடந்த சோதனை 2017இல் லான்செட்டில் வந்தது. எல்லோருக்கும் 20,000 அல்லது அதற்குக் கீழ், பெரிய இரத்தக்கசிவு இல்லை. பாதிப் பேருக்குத் தட்டணு, மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். இரத்தக்கசிவு ஏற்றியவர்களில் 21 சதவீதம், ஏற்றாதவர்களில் 26 சதவீதம். புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை. பாதக விளைவு ஏற்றிய பக்கம் 13, ஏற்றாத பக்கம் 2.

இந்திய வழிகாட்டல் கசிவு இல்லாதவருக்கு 10,000க்குக் கீழ் போனால் ஏற்றலாம் என்கிறது. நடப்பது என்னவென்றால் 40,000க்கே உறவினர் கொடையாளரைத் தேடி ஓடுகிறார்கள். பை 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே, ஐந்து நாள்தான் இருக்கும். டெங்குப் பருவத்தில் இப்படி வீணாக்கினால் கீமோதெரபி எடுக்கிற குழந்தைக்குப் பை இருக்காது.

ஃபிரிட்ஜில் ஏன் வைப்பதில்லை என்று அடிக்கடி கேட்பார்கள். குளிரில் தட்டணு மேலுள்ள கிளைக்கோபுரோட்டீன் 1பி கூட்டமாகி, சியாலிக் அமிலமும் உதிர்ந்து, ஏற்றியதும் கல்லீரல் பிடித்துவிடும். #5இல் சொன்ன அதே ஏற்பி.

#12 · சந்தேகப்பிராணி

ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் பொதுவாக வைரஸ் என்றாலே தட்டணு வில்லன் என்று சொல்லலாமா? சும்மா இருந்தால் வம்பில்லையே?

#13 · ஆய்வுக்கூட_எலி

சொல்லக்கூடாது. வைரஸுக்கு வைரஸ் மாறும்.

இன்ஃப்ளூயன்சாவைத் தட்டணு விழுங்குகிறது. உள்ளே டி.எல்.ஆர்.7 வைரஸின் ஆர்.என்.ஏ.வை அடையாளம் கண்டு சி3யை வெளியே விடவைக்கிறது, அது நியூட்ரோஃபிலுக்கு மணியடிக்கிறது. அளவோடு நடந்தால் பாதுகாப்பு, மிஞ்சினால் நுரையீரலில் நுண்ணுறைவு. மெகாகேரியோசைட்டும் தட்டணுவும் வைரஸ் நுழைவைத் தடுக்கும் ஐ.எஃப்.ஐ.டி.எம்.3 புரதத்தை டெங்கு, இன்ஃப்ளூயன்சா இரண்டிலும் கூட்டுகின்றன. இது குறைவாக இருந்த நோயாளிகளின் நிலை மோசமாக இருந்தது. எனவே தட்டணுவை 'ஏமாந்த அப்பாவி' என்றும் எழுதாதே, 'வில்லன்' என்றும் எழுதாதே.

தட்டணுவின் சொந்தச் சரக்கான பி.எஃப்.4 புரதத்தைப் பார். எச்.ஐ.வி.யின் நுழைவை அது தடுக்கும். அதே பி.எஃப்.4 மோனோசைட்டில் வைரஸ் எதிர்ப்புப் புரதமான இன்டர்ஃபெரானை அடக்கி டெங்கு பெருக உதவுகிறது. ஒரே மூலக்கூறு, இரண்டு வைரஸ், எதிரெதிர் பலன்.

எச்.ஐ.வி.யில் இன்னொரு திருப்பம்: மருந்து எடுத்து இரத்தத்தில் வைரஸ் அளவு கண்டுபிடிக்க முடியாத நிலையில் இருந்தவர்களிலும், சிலருடைய தட்டணுவுக்குள் தொற்றும் திறனுள்ள வைரஸ் இருந்ததைப் பாரிஸ் குழு 2020இல் காட்டியது. அவர்களுக்கு சி.டி.4 வெள்ளையணு எண்ணிக்கை சரியாக ஏறவில்லை. பத்து நாள் வாழும் தட்டணுவில் வைரஸ் தொடர்ந்து தென்படுகிறது என்றால் மூலம் மஜ்ஜையில் மெகாகேரியோசைட்டாக இருக்க வேண்டும்.

ஹெபடைட்டிஸ் சியில் குறைவு பெரும்பாலும் வேறு வழி: ஈரல் கெட்டு, தட்டணு உற்பத்தியைத் தூண்டும் திராம்போபொயட்டின் குறையும், மண்ணீரல் வீங்கித் தட்டணுவைத் தேக்கிவைக்கும். வைரஸ் இங்கே நேரடி ஆள் இல்லை.

கடைசியாக, அடினோவைரஸை ஏந்தியாகக் கொண்ட கோவிட் தடுப்பூசிகளுக்குப் பிறகு 2021இல் மிக அரிதாகக் காணப்பட்ட உறைவுநோய். அடினோவைரஸின் வெளிக்கூட்டில் பி.எஃப்.4 ஒட்டுகிறது, சிலருக்கு பி.எஃப்.4க்கே எதிர்பொருள் உண்டாகிறது, அது எஃப்.சி.காமா 2ஏ வழியாகத் தட்டணுவைத் தூண்டுகிறது. எண் விழும், ஆனால் பிரச்சினை கசிவில்லை, மூளைச் சிரையில் உறைவு. எண்ணைப் பார்த்துத் தட்டணு ஏற்றினால் நெருப்பில் எண்ணெய். ஹெப்பாரின் அல்லாத உறைவெதிர்ப்பு மருந்தும், கிலோவுக்கு 1 கிராம் வீதம் சிரைவழி இம்யூனோகுளோபுலினும் கொடுப்பார்கள்.

#14 · நுண்ணுயிர்_மாணவன்

மிக்க நன்றி. கருத்தரங்குக்குப் பிறகு சிறு செய்முறை ஒன்றும் உண்டு: என்.எஸ்.1 புரதம் தட்டணுவைத் தூண்டுகிறதா என்று ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் கருவி) பி-செலக்டின் பார்ப்பது. வைரஸ் வளர்க்கப் போவதில்லை, விலைக்கு வாங்கிய மறுசேர்க்கைப் புரதம். எங்கே சொதப்பும்?

#15 · ஆய்வுக்கூட_எலி

நாலு இடத்தில் சொதப்பும்.

இரத்தம் எடுப்பதிலேயே தட்டணு விழித்துவிடும். 21 கேஜ் ஊசி, டூர்னிக்கே சற்றுநேரம் மட்டும், முதல் 2, 3 மில்லியை வேறு குழாயில் விட்டுவிடு, ஊசி குத்திய காயத்தில் உண்டான, இரத்தத்தை உறையவைக்கும் திராம்பின் அதில்தான் இருக்கும். கொடுப்பவர் கடந்த பத்து நாளில் ஆஸ்பிரின் எடுத்திருக்கக்கூடாது. இ.டி.டி.ஏ. வேண்டாம், ஏ.சி.டி. அல்லது சிட்ரேட்.

அறை வெப்பநிலையில் 200 ஜியில் 15 முதல் 20 நிமிடம், பிரேக் இல்லாமல் சுழற்று. மேலே மஞ்சளாக நிற்பதில் மேல் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் எடு. ஆசைப்பட்டு அடிவரை உறிஞ்சினால் வெள்ளையணு வந்துவிடும். அடுத்த சுழற்சிக்கு முன் புரோஸ்டாகிளாண்டின் இ1 ஒரு மைக்ரோமோலார் சேர். இல்லாவிட்டால் அடியில் உருண்டையாகிக் கலையாது. டைரோடு கரைசலில் மிதக்கவிட்டு 37 டிகிரியில் அரை மணி ஓய்வு. ஐஸில் மட்டும் வைக்காதே.

எதையும் சேர்க்காத குழாயில் பி-செலக்டின் பத்து சதவீதத்தைத் தாண்டினால் அந்த மாதிரியைக் கொட்டிவிடு. அதன் மேல் கட்டும் முடிவு நிற்காது.

மூன்றாவதுதான் கண்ணி. வாங்கும் என்.எஸ்.1 ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்ததா? அப்படியானால் எண்டோடாக்சின் என்ற பாக்டீரியாச் சுவர் நச்சு ஒட்டியிருக்கும். எண்டோடாக்சினும் டி.எல்.ஆர்.4 வழியாகத்தான் தூண்டும். நீ பார்ப்பது என்.எஸ்.1இன் வேலையா பாக்டீரியாவின் குப்பையா என்று தெரியாது. பாலூட்டிச் செல்லில் தயாரித்ததை வாங்கு, அதுதான் ஆறு அலகுகள் சேர்ந்த சரியான வடிவிலும் வரும். ஒரு குழாயில் எண்டோடாக்சினை முடக்கும் பாலிமிக்சின் பி சேர்த்துப் பார். இன்னொரு குழாயில் புரதத்தைக் கொதிக்கவைத்துச் சேர். எண்டோடாக்சின் கொதிக்கு அசையாது, புரதம் குலைந்துவிடும். கொதித்த பிறகும் தூண்டல் அப்படியே இருந்தால் பழி என்.எஸ்.1 மேல் போடாதே.

நாலாவது, ஒருவர் இரத்தத்தில் மட்டும் செய்து முடிவு சொல்வது. தட்டணு ஆளுக்கு ஆள் மாறும். குறைந்தது ஐந்து பேர். ஒவ்வொரு முறையும் திராம்பின் ஏற்பியைத் தூண்டும் பெப்டைடு ஒரு குழாயில், அது 80 சதவீதத்துக்கு மேல் ஏறவில்லை என்றால் உன் தட்டணு ஏற்கெனவே களைத்துவிட்டது.

#16 · ஊதாக்குழாய்

தம்பி, எடுத்த தட்டணுவில் வெள்ளையணு எவ்வளவு கலந்திருக்குன்னு வெள்ளையணுவின் அடையாளமான சி.டி.45 போட்டும் பார்த்துடு. ஒரு வெள்ளையணுவில் இருக்கிற ஆர்.என்.ஏ. ஆயிரக்கணக்கான தட்டணுவுக்குச் சமம், பின்னாடி ஆர்.என்.ஏ. பக்கம் போனா அதுதான் பேசும். எடுத்ததிலிருந்து மூணு, நாலு மணி நேரத்துக்குள் ஃப்ளோ முடிக்கணும். மெஷின் முன்பதிவை முதல்ல போட்டுட்டு அப்புறம் இரத்தம் எடு.

#17 · நுண்ணுயிர்_மாணவன்

பாலூட்டிச் செல் புரதம் விலை மூன்று மடங்கு காட்டுகிறது. ஈ.கோலைப் புரதத்தையே எண்டோடாக்சின் நீக்கும் பத்தியில் ஓட்டி எடுத்தால் ஆகுமா?

#18 · ஆய்வுக்கூட_எலி

எண்டோடாக்சின் குறையும், வடிவம் திரும்பாது. ஈ.கோலையில் சர்க்கரைப் பூச்சும் ஏறாது. அதை எதிர்பொருள் பிடிக்கிறதா என்று பார்க்கலாம், ஏற்பியைத் தூண்டுகிறதா என்று பார்க்க ஆகாது. குறைந்த அளவில் பாலூட்டிச் செல் புரதம் வாங்கு. குழாய்க்கு 100 மைக்ரோலிட்டர் மட்டும் வைத்துச் செய்தால் சிறு குப்பியே ஐந்து பேருக்கும் வரும்.